கையடக்க ஜி.பி.எஸ்.ஸும் எங்க பண்ணைக்குட்டையும்

போன வாரம் சென்னையிலிருந்து அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, ஆபீஸ் பசங்க சேர்ந்து மலையேறப் போறோம். கையில வெச்சுக்கற ஜி.பி.எஸ். ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன். ஒரே கம்பெனி, பாத்தா ஒரே மாதிரிதான் இருக்குது. ஒண்ணுல காம்பஸும் ஆல்டிமீட்டரும் உள்ளயே இருக்குதாம், இன்னொண்ணுல இல்லியாம். சில ஆயிரம் ரூவா வித்தியாசம். அந்தக் காசுக்குத் தகுமா மாமா?"

அவன் சொன்னது கார்மின் இட்ரெக்ஸ் வகை. அதில் 22எக்ஸ் என்பதில் இந்த ரெண்டு சென்சாரும் கிடையாது, 32எக்ஸ் என்பதில் உண்டு. மற்றபடி அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். சம்சாரியிடம் வந்து இதைக் கேட்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய சிநேகிதன் ஒருத்தன், அவன் பழைய கருவியை ஏழு வருசத்துக்கு முன்னால் என் தலையில் கட்டினான். ரெண்டு சென்சாரும் உள்ளது. காங்கேயம் பக்கத்தில் ஐந்து ஏக்கர் தோட்டத்தையும் நாலு ஏக்கர் கொரங்காட்டையும் வைத்துக்கொண்டு, அதோடு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. போனில் நாலு வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காம்பஸ்.

பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி: ஜி.பி.எஸ்.ஸுக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று தெரியாது. நடக்கும்போது திசை காட்டுகிறதே என்றால், ஒரு நிமிசத்துக்கு முந்தி அங்கே இருந்தான், இப்போது இங்கே இருக்கிறான், அப்படியானால் இந்தப் பக்கம் போகிறான் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. நின்றுவிட்டால் கணக்கு நின்றுவிடும். அம்பு பைத்தியம் பிடித்த மாதிரி சுத்தும், இல்லாவிட்டால் கடைசியாகப் பார்த்த பக்கமே உறைந்து நிற்கும். ரோட்டில் போகிறவனுக்கு இது ஒரு குறையே இல்லை. முள்ளுக்குள் போகிறவனுக்குத்தான் வம்பு.

எங்கள் கொரங்காடு என்றால் என்ன என்று பட்டணத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டும். காங்கேயம் மாடுகளுக்காக விட்டிருக்கும் மேய்ச்சல் காடு அது. சுத்தியும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். பங்காளிகளுக்குள் பாகம் பிரிந்தபோது சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து, மண்ணுக்குள் புதைந்துபோயிருந்த அளவுக்கல் நாலையும் தோண்டிக் காட்டிவிட்டுப் போனார். நான் அன்றைக்கே ஒவ்வொரு கல் மேலேயும் கருவியை வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டேன். அதற்கப்புறம் ரெண்டு வருசம் நல்ல மழை. வடமேற்கு மூலை முழுக்கச் சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டது. வேலி மாற்றிக் கட்டலாம் என்று பக்கத்துக் காட்டுக்காரர் பேச்செடுத்தார். கல் எங்கே என்று கேட்டார். "இருக்குதுங்க, காட்டறேன்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

அருவாளோடு உள்ளே போனால், பதினைந்து மீட்டர் பாக்கி என்கிறது கருவி. எந்தப் பக்கம்? ஒரு எட்டு வைக்க ரெண்டு நிமிசம் ஆகிற முள்ளுக்குள் நடந்து திசை கண்டுபிடிக்கிற கதை நடக்காது. மெதுவாக நகர்ந்தால் இடத்தில் வரும் மூணு நாலு மீட்டர் பிசகே நான் நகர்ந்த தூரத்தைவிட அதிகம். அப்போதுதான் காம்பஸ் இருக்கும் அருமை தெரிந்தது. நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பினேன், அம்பும் கூடவே திரும்பி, நேராக ஒரு கருவேலத் தூரைக் காட்டியது. அந்தப் பக்கமே வெட்டிக்கொண்டு போனேன். கடைசி மூணு மீட்டருக்கு எந்தச் சென்சாரும் உதவாது. கடப்பாரையை வைத்துக் குத்திக் குத்திப் பார்த்து, பத்தாவது குத்தில் 'டங்'.

சொல்ல மறந்துவிட்டேன், அன்றைக்கு முதல் அரைமணி நேரம் வீணாகத்தான் போனது. வலது கையில் கடப்பாரை, இடது கையில் கருவி. வடக்கு தெற்கெல்லாம் தாறுமாறாக இருந்தது. பக்கத்துக் காட்டுக்காரர், "ஏனுங்க, சூரியன் அக்கட்ட இருக்குது, உங்க மிசின் இக்கட்ட காட்டுது?" என்று கேட்டபிறகுதான் உறைத்தது. காம்பஸ் காந்தத்தைப் பார்க்கிறது. பக்கத்தில் இரும்பு இருந்தால் அதற்குத்தான் விசுவாசம். பைக் டேங்க் மேல் வைத்துப் பார்ப்பது, மோட்டார் ரூமுக்குள் பார்ப்பது, போர்வெல்லின் இரும்புக் குழாய் ஓரம் பார்ப்பது எல்லாம் வேண்டாத வேலை. காந்தம் வைத்த உறை போட்ட போனை அதே சட்டைப் பையில் வைத்தால் கேட்கவே வேண்டாம். பேட்டரி மாற்றினால் கருவியை மூணு விதமாகச் சுழற்றித் திரும்பப் பழக்கவேண்டும். பேட்டரிக் கட்டைக்குள்ளும் இரும்பு இருக்கிறதே.

இன்னொரு விசயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். காந்த ஊசி காட்டும் வடக்கும் நிஜ வடக்கும் ஒன்றல்ல. உலகத்தில் சில ஊர்களில் பதினைந்து இருபது டிகிரி தள்ளிப்போகும். எங்கள் பக்கத்தில் அந்த வித்தியாசம் சுமார் ரெண்டு டிகிரிதான். நூறு மீட்டர் நடந்தால் பதினோரு அடி தள்ளிப்போவோம், அவ்வளவே. பூமியின் காந்த நடுக்கோடும் நம்ம திருநெல்வேலிப் பக்கமாகத்தான் போகிறது. அங்கே இதற்கென்றே புவிகாந்த ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். அதனால் நம் ஊரில் ஊசி தலை குனியாமல் படுத்த மாதிரி நிற்கும். ஐரோப்பாவில் விற்கிற ஊசிக் காம்பஸை இங்கே கொண்டுவந்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு முகப்பில் உரசும் என்பார்கள். கருவிக்குள் இருப்பது ஊசி இல்லை, மூணு பக்கமும் காந்தத்தை உணரும் சில்லு. சாய்த்துப் பிடித்தாலும் சரியாகச் சொல்லும்.

ஆக, காம்பஸுக்கு என் ஓட்டு உண்டு. கொஞ்சம் பேட்டரி தின்னும். வேண்டாதபோது அணைத்து வைத்துக்கொள்ளலாம்.

இனி ஆல்டிமீட்டர். மானம் போன கதை இதில்தான் இருக்கிறது.

எங்கள் ஜில்லாவில் உயரம் என்பது சாதாரணப் பேச்சில்லை. பவானிசாகரிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் 124 மைல், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது. ஒரு மோட்டார் கிடையாது. சமமட்டம் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்படி வெட்டினதால் தானாக ஓடி வருகிறது. வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் நிலம் வைத்திருந்தவர் நெல்லும் மஞ்சளும் போட்டார். மேல்பக்கம் இருந்தவர், நாலடி மேடாக இருந்த ஒரே குத்தத்துக்கு, மேட்டாங்காட்டில் சோளம் விதைத்து மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெண் கொடுக்கிறவர்கள்கூட வாய்க்காலுக்கு மேலயா கீழயா என்று கேட்ட காலம் உண்டு. அவிநாசிப் பக்கம் ஜனங்கள் பல தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருந்த அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து ஆறு நீரேற்று நிலையம் வைத்துத் தூக்கித் தூக்கித்தான் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகவேண்டியிருக்கிறது. தண்ணீர் மேட்டில் ஏறாது என்ற ஒரே காரணத்துக்கு இத்தனை செலவு.

அதனால் உயரம் காட்டும் கருவி கையில் கிடைத்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மைதான்.

தோட்டத்தில் பண்ணைக்குட்டை வெட்டுவது என்று முடிவு. ஐந்து ஏக்கரும் பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கும். மழைத்தண்ணி எந்த மூலைக்கு வருமோ அங்கே குட்டை வெட்டவேண்டும். "தென்கெழக்கு மூலைதான் பள்ளம், சின்ன வயசுல அங்கதான் தண்ணி நிக்கும்" என்றார் எங்கய்யன். நடுவில் ரெண்டு தடவை டோசர் ஓட்டியிருக்கிறோமே, எல்லாம் மாறியிருக்கும் என்று நான் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணி. வடமேற்கு மூலையில் நின்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். அப்படியே குறுக்கே நடக்கும்போது மூணு பேஸ் கரண்டு வந்துவிட்டது. விவசாயக் கரண்டு நம் வசதிக்கு வராது. ஓடிப்போய் மோட்டார் போட்டு, மடை மாற்றிவிட்டு, தென்கிழக்கு மூலைக்குப் போய்ச் சேரும்போது முக்கால் மணி ஆகிவிட்டது. கருவி மூணு மீட்டர் அதிகம் காட்டியது. தென்கிழக்கு மேடு, வடமேற்கு பள்ளம்! அய்யன் சொன்னதுக்கு நேர் எதிர். பொக்லைன்காரருக்குப் போன் போட்டு, காலையில் வடமேற்கு மூலைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது விசயத்தைச் சொன்னதும் அய்யன் சத்தமெல்லாம் போடவில்லை. "மூணு மீட்டருன்னா பத்தடி. பத்தடி மேடு என்ர கண்ணுக்குத் தெரியாமயாடா இருக்கும்? வண்டி வர்றதுக்கு முந்தி மேஸ்திரிகிட்ட டியூப் லெவல் வாங்கி ஒருக்காப் பாத்துரு" என்றார், அவ்வளவுதான்.

டியூப் லெவல் தெரியாதவர்களுக்கு: வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பில் காத்துக்குமிழ் இல்லாமல் தண்ணி ரொப்பி, ரெண்டு பேர் ரெண்டு முனையைப் பிடிப்பது. ரெண்டு முனையிலும் தண்ணி ஒரே மட்டத்தில் நிற்கும். வீடு கட்டும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். முப்பது அடி டியூப்பை வைத்துக்கொண்டு, குச்சி நட்டு நட்டு, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக எனக்கும் மேஸ்திரி பையனுக்கும் விடியக்காலம் ஆறு மணியிலிருந்து எட்டரை ஆனது. பொக்லைன் வந்து வேலியோரம் நிற்கிறது. கணக்குப் பார்த்தால் தென்கிழக்கு மூலை ஆறரை அடி பள்ளம். அய்யன் கட்டுத்தறியில் மாட்டுக்குத் தட்டுப் போட்டுக்கொண்டு என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

கருவி கெட்டுப்போய்விட்டதோ என்று நினைத்தேன். கெடவில்லை. எனக்குத்தான் அது என்னவென்று தெரிந்திருக்கவில்லை. ஆல்டிமீட்டர் என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர, உள்ளே இருப்பது காற்றழுத்தமானி. மேலே போகப் போக மேலே இருக்கும் காற்று குறையும், அழுத்தமும் குறையும். எங்கள் உயரத்தில் சுமார் ஒன்பது மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும். கருவி அழுத்தத்தை அளந்து உயரமாக மாற்றிச் சொல்கிறது. ஆனால் நாம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் அழுத்தம் மாறினால்? நாம் மேலே ஏறிவிட்டோம் என்று அது நினைத்துக்கொள்ளும்.

கருவியைத் திண்ணையிலேயே ரெண்டு நாள் வைத்து மணிக்கு மணி குறித்தேன். ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் வசதி ஒன்று அதில் உண்டு. துல்லியமாக இருக்கட்டும் என்று அதை நானே முன்னாடி அணைத்து வைத்திருந்தேன். காலை பத்து மணிக்கு 302 மீட்டர். அப்புறம் ஏறிக்கொண்டே போய், சாயங்காலம் நாலு மணிக்கு 329. ராத்திரி பத்துக்கு இறங்கி 306. விடியக்காலம் நாலு மணிக்குத் திரும்ப 317. மறுநாளும் கிட்டத்தட்ட அதே. எங்கள் வீட்டுத் திண்ணை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை மேலே போய்க் கீழே வருகிறது!

கடலில் ஓதம் ஏறி இறங்குகிற மாதிரி காற்றுக்கும் உண்டு. கடல் ஓதத்துக்கு நிலா முக்கியம், காற்றோதத்துக்குச் சூரியனின் சூடு முக்கியம். காலை பத்து, ராத்திரி பத்து வாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். ரெண்டு நாலு மணிக்கும் இறங்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இந்த ஆட்டம் அதிகம், வடக்கே குளிர் தேசங்களில் ரொம்பக் கம்மி. அங்கே மழையும் புயலும் அழுத்தத்தைக் கண்டபடி ஆட்டுவதால் இந்தச் சின்ன ஆட்டம் தெரியவும் தெரியாது. 1799இலிருந்து 1804 வரை தென்னமெரிக்கா சுற்றிய ஹம்போல்ட், அங்கே பாரமானியின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம் போல அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று எழுதி வைத்தார். நான் பன்னிரண்டுக்கும் பன்னிரண்டே முக்காலுக்கும் நடுவே மடை மாற்றப் போனேன் பாருங்கள், அழுத்தம் வேகமாக இறங்குகிற நேரம் அதுதான். திண்ணைக் கணக்குப்படி அந்த முக்கால் மணியில் கருவி தானாக ஐந்து மீட்டர் ஏறியிருக்கும். நிஜத்தில் நான் ரெண்டு மீட்டர் இறங்கினேன். கழித்துப் பார்த்தால் மூணு.

சரி, சென்சார் இல்லாத கருவி ஜி.பி.எஸ்.ஸை வைத்தே உயரம் சொல்கிறதே, அது தேவலையா என்றால், அதுவும் இல்லை. சாட்டிலைட் எல்லாம் நம் தலைக்கு மேலே இருக்கின்றன, காலுக்குக் கீழே இருப்பதைப் பூமி மறைத்துவிடும். அதனால் பக்கவாட்டில் வரும் பிசகைவிட உயரத்தில் வரும் பிசகு எப்போதும் பெரிசு. நிற்க நிற்கப் பத்து மீட்டர் குதிக்கும். அதோடு இன்னொரு கூத்து. ஜி.பி.எஸ். அளப்பது கடல் மட்டத்திலிருந்து இல்லை, பூமியை ஒரு வழுவழுப்பான முட்டை மாதிரி நினைத்துக்கொண்டு அதிலிருந்து. இந்துமாக் கடலில் நம் நாட்டுக்குத் தெற்கே கடல் மட்டமே அந்த முட்டைக்கு நூறு மீட்டருக்கு மேல் தாழ்வு, உலகத்திலேயே பெரிய பள்ளம் அதுதான். எங்கள் ஊரிலும் சுமார் தொண்ணூறு மீட்டர் வித்தியாசம் வரும். நல்ல கருவிகள் இதைத் திருத்தித்தான் காட்டும். சில போன் ஆப்கள் திருத்துவதில்லை. முந்நூறு மீட்டர் உயரத்து ஊரை இருநூத்திப் பத்து என்று காட்டினால் போன் மேல் சந்தேகப்படாதீர்கள், ஆப்பை மாற்றுங்கள்.

அப்படியானால் ஆல்டிமீட்டர் தண்டமா? இல்லை. அவசரமாக ஏறி இறங்கும் இடத்தில் அது ராஜா. எங்கள் கிணறு பாறையில் வெட்டினது, சுத்துப்படி உண்டு. ஒரு சித்திரை மாசம் வறண்டு கிடந்தபோது மேலே ஒரு அளவு, நாலு நிமிசத்தில் அடியில் ஒரு அளவு, திரும்ப மேலே ஒரு அளவு எடுத்தேன். கிணத்துக்குள் ஜி.பி.எஸ். சிக்னல் ஏது? இது சொன்னது 25 மீட்டர். கயித்தில் கல்லைக் கட்டி அளந்தால் 87 அடி, அதாவது இருபத்தியாறரை மீட்டர். அந்த ஒன்றரை மீட்டரும் கருவியின் பொய் இல்லை. கடல் மட்டத்தில் 15 டிகிரி இருக்கும் குளிர்ந்த காற்றை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. எங்கள் சித்திரை வெய்யிலில் காற்று லேசாகிவிடும், அதனால் நூற்றுக்கு ஐந்தாறு குறைவாகச் சொல்லும். அதைக் கூட்டிக்கொண்டால் கயிறும் கருவியும் ஒத்துப்போகின்றன. மேலே கிளம்பினபோது இருந்த அளவும் திரும்பி வந்தபோது இருந்த அளவும் ஒன்றாக இருந்தால்தான் நடுவில் எடுத்த அளவை நம்பவேண்டும். இந்த ஒரு பழக்கம் அன்றைக்கு எனக்கு இருந்திருந்தால், வடமேற்கு மூலைக்குத் திரும்ப ஒரு நடை போயிருப்பேன், வண்டி வந்து நின்றிருக்காது.

இன்னொரு உபயோகமும் உண்டு, நான் இப்போது அதிகம் பார்ப்பது இதைத்தான். உயரத்தை விட்டுவிட்டு அழுத்தக் கோட்டைப் போட்டுப் பார்ப்பேன். தினமும் ரெண்டு மேடு ரெண்டு பள்ளம், அளவெடுத்து நெய்த பார்டர் மாதிரி போகும். ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடலில் ஏதாவது உருவாகி இந்தப் பக்கம் வந்தால் கோடு மொத்தமாகக் கீழே சரியும், பத்து மணிக்கு ஏறவேண்டியது ஏறாது. அன்றைக்கு மருந்து அடிக்கும் வேலையைத் தள்ளிப்போடுவேன். நாலு தடவையில் மூணு தடவை சரியாக இருக்கிறது. கோடை மழைக்கு இது உதவாது, அது திடீரென்று இடித்துக் கொட்டிவிட்டுப் போய்விடும்.

மாப்பிள்ளைக்குச் சொன்ன நாலு வரி இவ்வளவுதான்: காம்பஸுக்காகவே வாங்கு, மேகம் மூடின மலையில் நின்று திசை பார்க்க வேண்டிவரும். ஆல்டிமீட்டரைத் தெரிந்த உயரத்தில் அன்றன்றைக்கே திருத்திக்கொள். ரயில்வே ஸ்டேசன் மஞ்சள் போர்டில் ஊர்ப் பேருக்குக் கீழே கடல் மட்ட உயரம் எழுதியிருப்பான், அது போதும். சாயங்காலம் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது மலை வளர்ந்த மாதிரி காட்டினால் பயப்படாதே, அல்லது ராத்திரி பத்து மணிக்கும் இறங்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் மட்டும் பயப்படு, மழை வரலாம், கீழே இறங்கு.

"சரிங்க மாமா. பொங்கலுக்கு வர்றப்ப எடுத்துட்டு வர்றேன், நம்ம தோட்டத்துல வெச்சுப் பாக்கலாம்" என்றான்.

குட்டை தென்கிழக்கு மூலையில்தான் இருக்கிறது. அதிலிருந்து மேல்காட்டுக்குப் பைப் போடவேண்டும், மட்டம் பார்க்கவேண்டும். மேஸ்திரியிடம் ஒவ்வொரு தடவையும் கடன் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வரும்போது அரை இஞ்சு டியூப், உள்ளே தண்ணி தெரிகிற ரகம், அம்பது அடி வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.